அண்ணாச்சியின் அப்பளம்: சார்ட் கோளாறுகளும் கைவைத்தியமும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் மும்பை தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கம் வந்தால் என்னை அண்ணாச்சி வீட்டு மாடியில் பார்க்கலாம். அண்ணாச்சிக்கு இட்லி வியாபாரம். விடியுமுன் அவித்து இறக்கியது சைக்கிள்களில் ஏறி ஊர் முழுக்கப் போகும். பி.காம். படிக்கும் அவர் மகள்தான் எக்செல்லில் கணக்கு எழுதுகிறாள். எனக்கு வாரநாளில் அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிக்கும்) வேலை, அடுத்தவர் கூட்டத்துக்கு நாள் முழுக்கச் சார்ட், அதாவது எண்களைக் காட்டும் வரைபடம், போட்டுக் கொடுக்கும் பிழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தெருவில் தெரிந்துபோய், "தம்பி, இந்தப் படம் சரியா வர மாட்டேங்குது, கொஞ்சம் பாரு" என்று மடிக்கணினியோடு மாடி ஏறி வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் சார்ட்டைத்தான் காட்டுவார்கள். வண்ணத்தை மாற்றியிருப்பார்கள், வகையை மாற்றியிருப்பார்கள், அழித்துவிட்டு நாலு தடவை போட்டிருப்பார்கள். நான் பார்ப்பது சார்ட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டியலை. பத்தில் எட்டு கோளாறு அங்கேதான் படுத்திருக்கும். அதனால் இங்கே ஒவ்வொரு கோளாறையும் வந்தவர்கள் சொன்ன வார்த்தையிலேயே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போங்கள். மெனு பெயர்கள் எக்செல் 2016-க்குப் பிந்தைய பதிப்புகளில் இருப்பவை. எக்செல் போன்ற கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் வேறுபடும் இடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

"கம்பமே எழவில்லை, எல்லாம் தரையோடு கிடக்கிறது"

அச்சு (படத்தின் ஓர அளவுக்கோடு) இருக்கும், பெயர்கள் இருக்கும், கம்பம் மட்டும் இருக்காது. அல்லது முப்பது நாளில் நாலு நாளுக்கு மட்டும் கம்பம் நிற்கும். உங்கள் கண்ணுக்கு எண்ணாகத் தெரிவது எக்செல்லுக்கு எழுத்து. எழுத்தைக் கம்பமாக வரையச் சொன்னால் அது சுழியம் என்று எடுத்துக்கொண்டு தரையில் கோடு போட்டுவிட்டுப் போய்விடும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

உறுதி செய்ய இரண்டு வழி. நீங்கள் இடம் வலம் ஒதுக்கிவைக்காத கட்டத்தில் எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். இதைவிட நம்பகமானது இன்னொன்று: அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, திரையின் அடியில் உள்ள பட்டையைப் பாருங்கள். எண்கள் இருந்தால் சராசரி, எண்ணிக்கை, கூட்டல் மூன்றும் வரும். எண்ணிக்கை மட்டும் வந்தால் உள்ளே இருப்பது முழுக்க எழுத்து.

எண் எப்படி எழுத்தானது? நம்மூர்ப் பழக்கம்தான். அண்ணாச்சி மகள் விலையை "120/-" என்று எழுதியிருந்தாள். கடை ரசீதில் அது அழகு. எக்செல்லில் அது எழுத்து. "ரூ.120" என்பதும் அப்படியே. ஆர்டர் நெடுவரிசையில் "200 இட்லி" என்று இருந்தது. வாட்ஸாப்பில் வந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறாள்.

அலகை அழிக்க 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போதும். தேடும் பெட்டியில் " இட்லி" என்று முன்னால் ஓர் இடைவெளியோடு கொடுத்து, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மாற்றுங்கள். அலகு கண்ணில் பட வேண்டும் என்று ஆசை இருந்தால் அதைக் கட்டத்துக்குள் எழுதாமல், 'ஃபார்மாட் செல்ஸ்', 'கஸ்டம்' போய் 0" இட்லி" என்று கொடுங்கள். கட்டத்தில் 200 மட்டும் இருக்கும், திரையில் 200 இட்லி என்று தெரியும். 0"/-" என்று கொடுத்தால் ரசீது அழகும் கிடைத்துவிடும்.

கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணம் தெரிந்தால் இன்னும் சுலபம்: தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வரும் மஞ்சள் குறியை அழுத்தி 'கன்வர்ட் டு நம்பர்'. பச்சையும் இல்லை, அலகும் இல்லை, ஆனாலும் எழுத்தாகவே நிற்கிறது என்றால் வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தபோது கூடவே வந்த ஒருவகை இடைவெளியைச் சந்தேகப்படுங்கள். பார்க்கச் சாதாரண இடைவெளிதான், ஆனால் இடைவெளிகளை நீக்கும் 'ட்ரிம்' சார்பு அதைத் தொடாது. கட்டத்துக்குள் போய் அந்த இடைவெளியையே நகலெடுத்து, தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு ஓட்டுங்கள். போய்விடும்.

"ஏப்ரல் கணக்குதான் எழுதினேன், பன்னிரண்டு மாதமும் வருகிறது"

இந்தக் கோளாறு வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், வந்தவருக்கு அழுகை வரும். ஏப்ரல் 1 முதல் 30 வரை 01/04/2024, 02/04/2024 என்று நாள் தவறாமல் எழுதியிருக்கிறார்கள். அச்சில் பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி என்று டிசம்பர் வரை தலைகாட்டுகின்றன.

கணினி அமெரிக்க வழக்கத்தில் இருக்கிறது. அங்கே மாதம் முதலில், நாள் இரண்டாவது. 01/04 என்றால் ஜனவரி 4. 12/04 என்றால் டிசம்பர் 4. பதின்மூன்றாம் மாதம் இல்லை என்பதால் 13/04 முதல் அதற்குப் புரியாது, எழுத்தாகவே விட்டுவிடும். அதனால் அதே நெடுவரிசையில் முதல் பன்னிரண்டு தேதி வலப்பக்கமும், மிச்சம் பதினெட்டும் இடப்பக்கமும் சாய்ந்து நிற்கும். அந்தப் பிளவைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

மருந்து கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இடப்பக்கம் நிற்கும் பதினெட்டை மட்டும் சரிசெய்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அவையாவது தவறு என்று வெளியே தெரிகிறது. வலப்பக்கம் நிற்கும் பன்னிரண்டுதான் நல்ல பிள்ளைபோல் முகத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்கிறவை. மாறிப்போன தேதியை ஒவ்வொன்றாகத் திருத்தப் போகாமல், மூலக் கோப்புக்கே திரும்புங்கள். சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பாக வந்திருந்தால் அதை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செல்லில் 'டேட்டா', 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' வழியாக உள்ளே எடுத்து, தேதி நெடுவரிசையின் வகையை எழுத்து என்று வையுங்கள். பிறகு அதைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' ஓட்டி, மூன்றாம் படியில் தேதி, நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லுங்கள். இப்போது முப்பதும் ஏப்ரலுக்கு வந்து சேரும்.

சரியானதா என்று பார்க்க, தேதியின் வடிவத்தை மாதப் பெயர் எழுத்தில் வரும்படி மாற்றிவிடுங்கள். 03/04 யாரையும் ஏமாற்றும், "03-ஏப்ரல்" ஏமாற்றாது. இனி வராமலிருக்க, விண்டோஸ் அமைப்பில் பிராந்திய வடிவத்தை ஆங்கிலம் (இந்தியா) என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் 13.04.2024 என்று புள்ளி வைத்தும் எழுதுவார்கள். பெரும்பாலும் அதுவும் எழுத்தாகவே நின்றுவிடும். இணைப்புக்கோடு போட்டே எழுதுங்கள்.

தேதி சரியாகவே இருந்து, கம்பங்கள் மட்டும் ஊதுவத்திபோல் மெலிந்து நடுவே பெரிய இடைவெளி விட்டு நின்றால் அது வேறு விஷயம். வாரத்துக்கு ஒரு நாள்தான் எழுதியிருக்கிறீர்கள். எக்செல் நடுவிலிருக்கும் ஆறு நாளுக்கும் இடம் ஒதுக்கிவைக்கிறது. அச்சை வலச்சொடுக்கி, 'ஃபார்மாட் ஆக்ஸிஸ்' போய், 'டேட் ஆக்ஸிஸ்' என்பதை 'டெக்ஸ்ட் ஆக்ஸிஸ்' ஆக்கினால் கம்பம் உடம்பு போடும். விடுபட்ட வாரங்கள் இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், விடுபட்டதே தெரியாமல் மறைந்துவிடும்.

"ஆண்டே ஒரு கம்பமாக எழுந்து நிற்கிறது"

முதல் நெடுவரிசை 2019, 2020, 2021, இரண்டாவது விற்பனை. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து சார்ட் போட்டால் இரண்டாயிரம் சொச்சம் உயரத்தில் எல்லா ஆண்டுக்கும் ஒரே மட்டத்தில் ஒரு கம்பவரிசை. ஆண்டும் எண்தானே, எக்செல் அதையும் வரைந்துவிட்டது.

சார்ட் போடுமுன் "ஆண்டு" என்ற தலைப்புக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள். மூலைக் கட்டம் காலியாக இருந்தால் முதல் நெடுவரிசை பெயர்ப்பட்டியல் என்று எக்செல் புரிந்துகொள்ளும். போட்ட பிறகு என்றால் 'செலக்ட் டேட்டா' திறந்து, இடப்பக்கம் ஆண்டு வரிசையை நீக்கி, வலப்பக்கம் 'எடிட்' அழுத்தி ஆண்டுகளைக் காட்டுங்கள். லிப்ரே ஆபீஸில் 'ஃபர்ஸ்ட் காலம் ஆஸ் லேபிள்' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்தால் போதும். இந்த ஒரு விஷயத்தில் லிப்ரே ஆபீஸ் நாகரிகமானது.

மைக்ரோசாஃப்டின் இன்னொரு சார்ட் மென்பொருளான பவர் பி.ஐ.-யில் இதே நோய்க்கு வேறு முகம்: ஆண்டுகளையெல்லாம் கூட்டி ஒரு பெரிய எண்ணைக் காட்டும். அந்த நெடுவரிசையின் 'சம்மரைசேஷன்' அமைப்பை 'டோன்ட் சம்மரைஸ்' என்று மாற்றுங்கள்.

"படம் தலைகீழாக வருகிறது"

கிடைமட்டப் பட்டை போட்டால் பட்டியலில் முதலில் இருப்பது அடியில் போய் உட்காரும். அச்சு கீழிருந்து எண்ணுகிறது, அவ்வளவுதான். 'ஃபார்மாட் ஆக்ஸிஸ்', 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்'. அதைச் செய்ததும் எண் அச்சு மேலே ஏறிவிடும். அங்கேயே 'அட் மேக்ஸிமம் கேட்டகரி' அழுத்தினால் இறங்கிவரும்.

நாள் இருக்க வேண்டிய இடத்தில் கடைப் பெயரும், கடை இருக்க வேண்டிய இடத்தில் நாளும் வந்தால் 'ஸ்விட்ச் ரோ/காலம்'. ஒரு சொடுக்கு.

"பை சார்ட்டில் பாதிக் கணக்கைக் காணோம்"

அண்ணாச்சிக்கு எல்லாமே வட்டமாக வேண்டும். "அப்பளம் மாதிரி போடு தம்பி, பார்த்த உடனே விளங்கணும்" என்பார். அரிசி, உளுந்து, கேஸ், கூலி, வாடகை, டெம்போ, கரன்ட் என்று பதினொரு செலவு. அதிலும் போன வருஷம், இந்த வருஷம் என்று இரண்டு நெடுவரிசை. வட்டம் வந்தது, போன வருஷம் மட்டும் வந்தது.

பை சார்ட் ஒரே ஒரு வரிசையைத்தான் வரையும். இரண்டைத் தேர்ந்தெடுத்தாலும் முதலாவதை எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டும் வேண்டுமென்றால் 'டோனட்' வகை வளையத்துக்குள் வளையமாக வரையும். ஆனால் உள்வளையமும் வெளிவளையமும் ஒரே பங்கைக் காட்டினாலும் நீளம் வேறுபடும். அதைப் பார்த்து ஒப்பிட முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். இரண்டு வருஷத்தை ஒப்பிடப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கம்பம்தான்.

பை சார்ட்டில் இன்னொரு திருட்டும் உண்டு. கட்டத்தில் கழித்தல் எண் இருந்தால், எக்செல் கழித்தல் குறியைத் தள்ளிவிட்டுக் கூட்டல் எண்ணாகவே வரைந்துவிடும். டெம்போக்காரர் திருப்பிக் கொடுத்த 500 ரூபாயை −500 என்று செலவுப் பட்டியலில் அண்ணாச்சி மகள் எழுதியிருந்தாள். அப்பளத்தில் அது 500 ரூபாய் செலவாக ஒரு துண்டு பிடித்துக்கொண்டது. லாப நட்டத்தை வட்டத்தில் போடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

விழுக்காடுகளைக் கூட்டினால் 99 அல்லது 101 வருகிறது என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். முழு எண்ணாக்கியதில் வரும் வித்தியாசம் அது. லேபிளில் ஒரு தசம இடம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பதினொரு துண்டு என்பது எப்படிப் பார்த்தாலும் அதிகம். பை சார்ட்டை 1801-இல் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். கம்பம், கோடு இவற்றையும் அதற்கு முன்பே போட்டுக் காட்டியவர் அவர்தான். மனிதக் கண் கோணத்தை அளப்பதைவிட, ஒரே அளவுகோலில் நிற்கும் புள்ளிகளின் இடத்தை அளப்பதில் கெட்டி என்று 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் சோதனை செய்து காட்டினார்கள். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "அவங்க நம்ம அப்பளத்தைப் பார்த்ததில்ல" என்றுவிட்டார். கடைசியில் அரிசி, உளுந்து, கேஸ், கூலி நாலையும் தனித்தனியாகவும் மிச்சத்தை "இதர" என்றும் சேர்த்து ஐந்து துண்டாக்கினோம். அவருக்கும் சம்மதம், எனக்கும் சம்மதம்.

"ஒரே ஒரு கம்பம் வானத்துக்குப் போகிறது, மற்றதெல்லாம் எறும்பு"

மாட்டுங்காவிலிருந்து ஒரு டீச்சர் மழைக் கணக்கோடு வந்தார். 2005 ஜூலை. இந்த ஊர்க்காரருக்குத் தேதி சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 26 அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் பதிவான மழை 944 மி.மீ. அந்த ஒரு கம்பம் மேலே முட்ட, மாதத்தின் மற்ற நாட்கள் காலடியில் புல்போல் கிடந்தன. "இதை எப்படி சார் சின்னதாக்குவது?" என்று கேட்டார்.

முதலில் எண் நிஜம்தானா என்று பாருங்கள். ஒரு கம்பம் மட்டும் உயர்ந்தால் பெரும்பாலும் ஒரு சுழியம் அதிகம் தட்டியிருப்பீர்கள், அல்லது கூட்டல் வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். "மொத்தம்" என்ற கடைசி வரி சார்ட்டுக்குள் புகுந்துகொள்வது தினமும் நான் பார்க்கும் தவறு. இங்கே எண் நிஜம்.

நிஜமென்றால் என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த நாளைப் பற்றித்தான் பாடம் என்றால் கம்பத்தை விட்டுவிடுங்கள். அது அப்படி உயர்ந்து நிற்பதுதான் செய்தி. அதே நாள் கொலாபாவில் 73 மி.மீ.தான் பதிவானது. சாந்தாகுரூஸையும் கொலாபாவையும் இரண்டே கம்பமாகப் பக்கத்தில் வைத்தால், ஒரே ஊரின் இரு முனையில் என்ன நடந்தது என்பது ஒரு பார்வையில் புரிந்துவிடும். சாதாரண நாட்கள் எப்படிப் பெய்தன என்பது கேள்வியானால், அந்த நாளை நீக்கி இரண்டாவது சார்ட் போட்டு, அடியில் "ஜூலை 26 (944 மி.மீ.) சேர்க்கப்படவில்லை" என்று எழுதிவிடுங்கள்.

அச்சின் உச்சத்தை 200 என்று கையால் வைத்து கம்பத்தின் தலையை வெட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். பார்ப்பவர் 200 என்றே படிப்பார். 'லாகரித்மிக் ஸ்கேல்' என்ற பெட்டியை டிக் செய்தால் 1, 10, 100, 1000 என்று அச்சு தாவும், எல்லாம் ஒரே படத்தில் அடங்கும். ஆனால் மழையே பெய்யாத நாளின் சுழியத்தை அந்த அளவுகோலில் வைக்க இடமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை விளக்க ஒரு வகுப்பும் போதாது. டீச்சர் இரண்டு கம்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

"இரண்டு வரிசை கொடுத்தேன், ஒன்றைக் காணவில்லை"

இட்லி எண்ணிக்கை ஆயிரங்களில், லாப விழுக்காடு 18, 20 என்று. ஒரே அச்சில் போட்டால் விழுக்காட்டுக் கோடு தரையோடு ஒட்டிப்போகும். அது இருக்கிறது, ஆனால் சொடுக்கிப் பிடிக்க முடியாது. சார்ட்டைத் தேர்ந்தெடுத்து, மேலே 'ஃபார்மாட்' தாவலின் இடக்கோடியில் உள்ள பட்டியலைத் திறந்தால் எல்லா வரிசைகளின் பெயரும் இருக்கும். அங்கிருந்து தேர்ந்தெடுத்து, 'ஃபார்மாட் செலெக்ஷன்', 'செகண்டரி ஆக்ஸிஸ்'.

இப்போது இன்னொரு தொல்லை: இரண்டுமே கம்பமாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மறைக்கும். 'சேஞ்ச் சார்ட் டைப்' போய் 'காம்போ' எடுத்து, விழுக்காட்டைக் கோடாக்குங்கள். கோடும் கம்பமும் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. அச்சின் அளவை மாற்றினால் தொடும் இடமும் மாறும். அலுவலகத்தில் "இங்கே கிராஸ் ஆகிறதே, அன்று என்ன நடந்தது?" என்று மேலாளர் விரலை வைத்துக் கேட்டபோது நான் விழித்தது இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு அச்சுக்கும் அந்தந்த வரிசையின் வண்ணத்தையே கொடுத்துவிடுங்கள், குழப்பம் பாதி குறையும்.

"தூரம் எல்லாம் சமமாகத் தெரிகிறது"

ஒரு கல்லூரிப் பையன் லோக்கல் ரயிலில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டு வந்திருந்தான். சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து தாதர் சுமார் 9 கி.மீ., தாணே 34, கல்யாண் சுமார் 54. தூரத்தைக் கிடைமட்டத்தில் வைத்துக் கோட்டுச் சார்ட் போட்டான். 9-க்கும் 34-க்கும் நடுவே ஒரு படி, 34-க்கும் 54-க்கும் நடுவே அதே அளவு படி. ரயில் தாதர் தாண்டியதும் திடீரென்று சோம்பேறியானதுபோல் கோடு செங்குத்தாக ஏறியது.

கோட்டுச் சார்ட்டுக்குக் கிடைமட்டத்தில் இருப்பது வெறும் பெயர். அங்கே 9 என்பதும் ஒன்றுதான், "தாதர்" என்பதும் ஒன்றுதான். எண்ணை எண்ணாக மதித்து இடம் கொடுப்பது புள்ளி வைக்கும் 'ஸ்கேட்டர்' வகை; தேதியென்றால் மட்டும் கோடும் மதிக்கும். வகையை மாற்றியதும் கோடு ஏறக்குறைய நேராகிவிட்டது.

ஸ்கேட்டருக்கும் அதற்கே உரிய இரண்டு நோய் உண்டு. கிடைமட்ட அச்சில் உங்கள் எண்கள் வராமல் 1, 2, 3 என்று வந்தால், அந்த நெடுவரிசையில் ஒரு கட்டமாவது எழுத்தாக இருக்கிறது. "34 கி.மீ." என்று ஒரே இடத்தில் எழுதியிருந்தாலும் போதும், மொத்த நெடுவரிசையையும் கைவிட்டுவிடும். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தபோது சிலந்தி வலைபோல் முன்னும் பின்னும் இழுத்தால், பட்டியல் வரிசைப்படுத்தப்படவில்லை. எழுதிய வரிசையிலேயே அது இணைக்கும். தூரப்படி வரிசைப்படுத்துங்கள்.

"சனிக்கிழமை வியாபாரம் மூன்று மடங்கா?"

இல்லை. திங்கள் 5,600 இட்லி, சனி 6,000. மிகச் சிறிய எண் மிகப் பெரிய எண்ணின் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் இருந்தால், எக்செல் அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்காது. 5,400-இல் தொடங்கினால் திங்களுக்கு 200 உயரம், சனிக்கு 600 உயரம். கம்பத்தின் நீளத்தைத்தான் கண் அளக்கிறது என்பதால் மூன்று மடங்கு என்றே தோன்றும். 'ஃபார்மாட் ஆக்ஸிஸ்', 'மினிமம்' 0. கோட்டுச் சார்ட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை; அங்கே கண் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை.

அச்சில் 1,000,000 என்று மேல்நாட்டுக் காற்புள்ளி வந்து லட்சக் கணக்கு புரியாமல் போனால், 'நம்பர்' பகுதியில் இதை அப்படியே ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

10,00,000 என்று நம் வழியில் காட்டும். கழித்தல் எண்களுக்கு இது சரிவராது.

"லீவு நாளில் கோடு பாதாளத்துக்குப் போகிறது"

வியாபாரம் இல்லாத நாளுக்கும், எழுத மறந்த நாளுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது சுழியம், இரண்டாவது காலி. காலிக் கட்டத்தை என்ன செய்வது என்று 'செலக்ட் டேட்டா' பெட்டியின் அடியில் 'ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' கேட்கும்: இடைவெளி விடவா, சுழியமாக்கவா, கோட்டால் இணைக்கவா. மறந்த நாளுக்கு இடைவெளியே நேர்மை.

இடைவெளி என்று சொல்லியும் பாதாளத்துக்கே போகிறதா? கட்டம் நிஜமாகக் காலியில்லை. உள்ளே ஒரு சூத்திரம் இருந்து "" என்ற வெற்று எழுத்தைத் திருப்பித் தருகிறது. எழுத்து என்றால் சுழியம். முதல் கோளாறின் தம்பிதான் இது. அந்த இடத்தில் மதிப்பு இல்லை என்ற பிழையைத் திருப்பித் தரும் 'என்ஏ' சார்பைப் போடுங்கள், கோடு அந்தப் புள்ளியைச் சுழியமாக்காமல் தாண்டிப் போகும். பட்டியலில் பிழைக்குறி அசிங்கமாகத் தெரியும்தான். எழுத்தின் நிறத்தை வெளுப்பாக்கிவிடலாம்.

அதே பெட்டியில் 'ஷோ டேட்டா இன் ஹிட்டன் ரோஸ்' என்ற டிக் இருக்கிறது. பட்டியலில் ஃபில்டர் போட்டதும் சார்ட்டிலிருந்தும் கம்பங்கள் மறைந்தால் அதற்கு மருந்து இதுதான்.

"ஆடி முதலில், வைகாசி கடைசியில்"

சங்கத்தில் நன்கொடைக் கணக்கைத் தமிழ் மாதப்படி எழுதுகிறார்கள். பிவட் (எக்செல்லே தொகுத்துத் தரும் அட்டவணை) போட்டதும் சித்திரை நடுவில் போய்விட்டது. அகர வரிசை! ஆங்கில மாதப் பெயர்கள் எக்செல்லுக்கு ஏற்கெனவே மனப்பாடம், நம் மாதங்களை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்', அடியில் 'எடிட் கஸ்டம் லிஸ்ட்ஸ்'. சித்திரை முதல் பங்குனி வரை ஒருமுறை எழுதிச் சேர்த்துவிட்டு, பிவட்டை மறுபடி வரிசைப்படுத்துங்கள். பவர் பி.ஐ.-யில் ஆங்கில மாதங்களும் இப்படித்தான் ஏப்ரல், ஆகஸ்ட் என்று வரும். மாத எண்ணுக்கு ஒரு நெடுவரிசை வைத்து 'சார்ட் பை காலம்' என்பதில் அதைக் காட்டுங்கள். இந்த 'சார்ட்' வரிசைப்படுத்துவது; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதற்கு நான் பொறுப்பல்ல.

"புதிதாக எழுதியது சார்ட்டில் ஏறவில்லை"

பட்டியலுக்குள் நின்று கண்ட்ரோல், டி. அட்டவணையாக்கிவிட்டால் அடியில் எழுதுவதெல்லாம் தானே ஏறும்.

"தமிழ் எழுத்து குப்பையாக வருகிறது"

மூன்று விதக் குப்பை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

கட்டத்தில் நல்ல தமிழ், சார்ட்டில் ஆங்கில எழுத்துக் கூளம். நடுநடுவே அரைப்புள்ளி தெரிந்தால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு என்று சொல்லிவிடலாம், அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். அங்கே நிஜமாக இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அதற்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. சார்ட் வேறு எழுத்துருவை எடுத்ததும் வேஷம் கலைந்தது. சார்ட்டுக்கும் பாமினியைக் கொடுத்தால் உங்கள் கணினியில் சரியாகும்; வாங்குபவர் கணினியில் பாமினி இல்லையென்றால் மறுபடி கலையும். யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் ஒருமுறை போட்டு எடுத்து, லதாவோ நிர்மலா யூ.ஐ.-யோ எழுத்துருவாகக் கொடுத்துவிடுங்கள். அச்சகத்தில் இருந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், பழகிவிடும்.

கட்டத்திலேயே குப்பை, அதுவும் தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி: இது யூனிகோடு தமிழ்தான், சி.எஸ்.வி. கோப்பை எக்செல் தப்பாகப் படித்துவிட்டது. சேமிக்காமல் மூடுங்கள். 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' வழியாகத் திறந்து, '65001: யூனிகோட் (யூ.டி.எஃப்-8)' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேமித்துவிட்டால் மூலக் கோப்பைத்தான் மறுபடி வாங்க வேண்டும்.

எழுத்து சரி, ஆனால் "சயான் கோலிவாடா" போன்ற நீண்ட பெயர்கள் சாய்ந்து ஒன்றோடொன்று மோதுகின்றன: கம்பத்தைக் கிடைமட்டப் பட்டையாக்குங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு அதுதான் எப்போதும் வசதி.

"எனக்குத் தெரிகிறது, அவருக்கு வெறும் பெட்டி"

ஹிஸ்டோகிராம், வாட்டர்ஃபால், ட்ரீமேப், பாக்ஸ் அண்ட் விஸ்கர் எல்லாம் எக்செல் 2016-இல் வந்த சார்ட் வகைகள். அவர் 2013 வைத்திருந்தால் படம் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பெட்டியும் ஒரு குறிப்பும்தான் தெரியும். சார்ட்டை நகலெடுத்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாகப் படமாக ஒட்டி அனுப்புங்கள். அண்ணாச்சியின் ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதாமாதம் அப்படித்தான் போகிறது, அப்பளம் உட்பட.